ராணியின் பிறந்தநாளுக்கு எழுதிய பாட்டு வெறும் முகஸ்துதியா?

நீங்கள் கேட்டதை ஒருமுறை சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். 2018 மே மாதம் விண்ட்சரில் நடந்த இளவரசர் ஹாரியின் திருமணத்தை டிவியில் பார்த்திருக்கிறீர்கள். மணமகள் தேவாலயத்துக்குள் நடந்து வந்தபோது ஒரு பெண் குரலும் ஒரு ட்ரம்பெட்டும் சேர்ந்து ஒலித்தது உங்கள் மனதைவிட்டுப் போகவில்லை. பிறகு தேடிப் பார்த்ததில், அது 300 வருடங்களுக்கு முன் ஒரு ராணியின் பிறந்தநாளுக்காக எழுதிய பாட்டு என்று தெரிந்திருக்கிறது. "அரண்மனைக் காசுக்காகப் பாடிய புகழ்ச்சிதானே இது? இதைக் கேட்டா நான் கண் கலங்கினேன்?" என்று கேட்கிறீர்கள். கூடவே, இந்த வகையில் வேறு என்ன இருக்கிறது, எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். முதல் கேள்விதான் முக்கியமானது. வார்த்தைகள் முகத்துக்கு நேராகச் சொன்ன புகழ்ச்சியாக இருக்கும்போது, இசை மட்டும் உண்மையாக இருக்க முடியுமா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முடியும் என்பது என் பதில். அதற்கான காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நான் இருபது வருடங்களுக்கு மேலாக கொயரில், அதாவது சேர்ந்து பாடும் குழுவில், ஆண்களின் மேல்குரலான டெனர் பாடுகிறேன், அதில் பாதிக் காலம் கொயரை நடத்தியும் வருகிறேன். வரலாற்று ஆய்வாளன் அல்ல. பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் ஆய்வாளர்கள் சொல்லி நான் படித்தது. இந்தப் பாட்டுகளைப் பாடும்போதும் பாட வைக்கும்போதும் காதுக்குத் தெரிவது மட்டும்தான் என் சொந்தச் சரக்கு.

நீங்கள் கேட்ட பாட்டு 'எட்டர்னல் சோர்ஸ் ஆஃப் லைட் டிவைன்'. ஜெர்மனியிலிருந்து லண்டன் வந்த இசையமைப்பாளர் ஹேண்டல், இங்கிலாந்தின் ஆன் ராணியின் பிறந்தநாளுக்காக எழுதிய வாழ்த்துப்பாவின் முதல் பகுதி. மொத்தம் ஒன்பது பகுதிகள். நீங்கள் கேட்டது சுமார் மூன்று நிமிடம் ஓடும் தொடக்கம் மட்டும்தான். 1713-ஆம் வருடப் பிறந்தநாளுக்காக எழுதியது என்பது பொதுவாக ஏற்கப்படும் கணிப்பு. ஆன் பிறந்தது பிப்ரவரி 6. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொண்டு பாட்டின் வரிகளைப் பாருங்கள். "தெய்வீக ஒளியின் நித்திய ஊற்றே, உன் கதிர்களை இன்று இரட்டிப்பு வெதுவெதுப்போடு விரி, இந்த நாளுக்குக் கூடுதல் பொலிவு சேர்க்கும்படி ஒளிர்" என்பதுதான் பொருள். கவிஞர் கூப்பிடுவது சூரியனையா, கடவுளையா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எழுதியிருக்கிறார். ஆனால் பிப்ரவரி மாத லண்டன் எப்படி இருக்கும் என்று யோசித்தால் அந்த 'இரட்டிப்பு வெதுவெதுப்பு' சட்டென்று புரியும். குளிரில் பிறந்தநாள் வந்த ஒருவருக்காகக் கொஞ்சம் வெயில் கேட்கிறார்கள். இது என் வாசிப்புதான், ஆதாரம் கேட்டால் காலண்டரைத்தான் காட்ட முடியும்.

இப்போது இசை. வயலின் கூட்டமும் அடிஸ்வரம் பிடிக்கும் பேஸ் வாத்தியங்களும் ஒரே ஒலியை நீளமாகப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. அதன்மேல் குரல் எழுந்து ஒரு வாக்கியத்தைப் பாடுகிறது. ட்ரம்பெட் அதையே பின்னாலிருந்து திருப்பிச் சொல்கிறது. அடுத்த வாக்கியத்தில் குரல் இன்னும் கொஞ்சம் மேலே போகிறது, ட்ரம்பெட்டும் கூடவே போகிறது. முரசு இல்லை, கொயர் இல்லை, அவசரமே இல்லை. அந்தக் காலத்து ட்ரம்பெட்டில் இன்று இருப்பதுபோல் விரலால் அமுக்கும் விசைகள் கிடையாது; அது ஒரு நீண்ட பித்தளைக் குழாய், அவ்வளவுதான். ஸ்வரங்களை உதட்டாலேயே பிரித்தெடுக்க வேண்டும். கீழ்ப்பகுதியில் ஸ்வரங்கள் ஒன்றுக்கொன்று எட்டி எட்டி நிற்கும், அதை வைத்துப் போர்க்களத்தில் சமிக்ஞைதான் கொடுக்க முடியும். உச்சிக்குப் போனால்தான் அடுத்தடுத்த ஸ்வரங்கள் கிடைக்கும், ராகம் மாதிரி ஒன்றை வாசிக்க முடியும். அந்த உச்சியில் நின்றுகொண்டு, ஒரு மனிதக் குரலை மூழ்கடிக்காமல், மெல்லமாக ஊத வேண்டும். உங்கள் கண்ணைக் கலங்க வைத்ததில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன்: யுத்தத்துக்கு என்று செய்த வாத்தியம் ஒரு மனிதக் குரலுக்கு அடங்கி நடக்கிறது.

நிச்சயமாகத் தெரிந்ததையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஹேண்டலின் கைப்பிரதி இருக்கிறது. அதில் பாடகர்களின் பெயர்கள் இருக்கின்றன. இந்த முதல் பாட்டு ரிச்சர்ட் எல்ஃபோர்ட் என்ற அரண்மனைத் தேவாலயப் பாடகருக்காக எழுதியது. ஆக, நீங்கள் பெண் குரலில் கேட்டது, டெனரைவிட உயரமாகப் பாடும் ஆண் ஆல்ட்டோ குரலை மனதில் வைத்து எழுதிய பாட்டு. அதனால் எந்தக் குறையும் இல்லை, இரண்டு விதமாகவும் நன்றாக இருக்கும். வரிகளை எழுதியவர் ஆம்ப்ரோஸ் ஃபிலிப்ஸ் என்று சொல்வது வழக்கம். ஆனால் இந்த இசை ராணியின் முன் உண்மையில் பாடப்பட்டதா என்பதற்கு எந்தப் பதிவும் கிடையாது. அந்தச் சமயம் ஆனின் உடல்நிலை மோசமாக இருந்தது. கீல்வாதம் அவரை வருடக்கணக்கில் படுத்தியது. பதினேழு முறை கருவுற்றும் ஒரு பிள்ளைகூடத் தங்கவில்லை. பதினோரு வயதுவரை இருந்த மகனும் 1700-ல் போய்விட்டான். இதெல்லாம் தெரிந்தபின் வாழ்த்துப்பாவின் நடுவில் வரும் "நல்ல உடல்நலம் மெல்லிறகு விரித்து இறங்கி வருகிறது, தேவதூதர்கள் வழிகாட்டி அழைத்து வருகிறார்கள்" என்ற வரியைக் கேட்டுப் பாருங்கள். இருவர் சேர்ந்து பாடும் பகுதி அது. புகழ்ச்சிக்கு எழுதிய வரி நோயாளிக்கான வேண்டுதலாக மாறிவிடுகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, உங்கள் கேள்விக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. இந்த வாழ்த்துப்பாவில் ஒவ்வொரு பத்தியும் ஒரே இரண்டு வரிகளில் முடிகிறது: "மாபெரும் ஆன் பிறந்த நாள் இது, பூமிக்கு நிலையான சமாதானம் தந்தவள் அவள்." பல்லவி மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வந்தாலும், ஹேண்டல் ஒவ்வொரு முறையும் அவற்றுக்குப் புது இசை போட்டிருக்கிறார். அந்தச் சமாதானம் என்பது ஐரோப்பாவைப் பத்து வருடத்துக்கு மேல் அலைக்கழித்த ஸ்பானிய வாரிசுரிமைப் போரை முடித்த உட்ரெக்ட் ஒப்பந்தம். கையெழுத்தானது 1713 வசந்தத்தில். அந்த ஒப்பந்தம் எல்லோருக்கும் பிடித்த ஒன்று அல்ல. முக்கியமாக, ஹேண்டல் அப்போது சம்பளப் பட்டியலில் இருந்தது ஜெர்மனியின் ஹனோவர் அரண்மனையில், அந்த ஹனோவரின் ஆட்சியாளருக்கு இந்தச் சமாதானமே பிடிக்கவில்லை. விடுப்பில் லண்டன் வந்தவர் திரும்பிப் போகாமல், முதலாளிக்குப் பிடிக்காத சமாதானத்தைப் பாடும் இசையை எழுதிக்கொண்டிருந்தார். 1713-லேயே ஹனோவர் வேலை போயிற்று. அதே வருடக் கடைசியில் ஆன் ராணி அவருக்கு வருடம் 200 பவுண்டு ஓய்வூதியம் கொடுத்தார். 1714 ஆகஸ்ட் 1 அன்று ஆன் இறந்ததும், அந்த ஹனோவர் ஆட்சியாளரே இங்கிலாந்தின் அரசர் முதலாம் ஜார்ஜாக வந்து இறங்கினார். வேலை போனதற்கு இந்த இசைதான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் புகழ்ச்சியில் ஒரு ஆபத்தும் இருந்தது, இது பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து எழுதிய முகஸ்துதி அல்ல என்பதை மட்டும் சொல்லலாம்.

சரி, ஹேண்டலைத் தாண்டி இந்த மரபின் இதயத்துக்கு வருவோம். அது ஹேண்டலுக்கு முந்தைய தலைமுறை ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹென்றி பர்செல். ராணியின் பிறந்தநாள் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் இங்கிலாந்து ராணி இரண்டாம் மேரிக்கு எழுதிய ஆறு வாழ்த்துப்பாக்கள்தான். 1689 முதல் 1694 வரை, வருடத்துக்கு ஒன்று, ஏப்ரல் 30-க்கு. மேரியும் அவர் கணவர் வில்லியமும் முடிசூடியது 1689 ஏப்ரல் 11. அதற்குப் பிறகு மூன்று வாரம்கூட ஆகாமல் முதல் பிறந்தநாள் வந்துவிட்டது. நாட்டைவிட்டு ஓடிப்போன இரண்டாம் ஜேம்ஸ் மேரியின் சொந்த அப்பா. அப்பாவின் சிம்மாசனத்தில் மகள் உட்கார்ந்திருக்கிறாள். ஊர் இன்னும் அடங்கவில்லை. பிறந்தநாளுக்குப் பாட்டு வேண்டும்.

இங்கே உங்கள் சந்தேகத்துக்குச் சாதகமான சாட்சியை நானே வைத்துவிடுகிறேன். இதே பர்செல் அந்த ஜேம்ஸுக்கும் வருடா வருடம் வரவேற்புப் பாட்டு எழுதியவர். அதற்கு முன் ஜேம்ஸின் அண்ணன் இரண்டாம் சார்ல்ஸுக்கும் எழுதியிருக்கிறார். 1687-ல் ஜேம்ஸுக்கு எழுதியது 'சவுண்ட் த ட்ரம்பெட், பீட் த டிரம்' என்று தொடங்கும். 1694-ல் மேரிக்கு எழுதியதில் மிகப் பிரபலமான பாட்டின் முதல் வார்த்தைகளும் 'சவுண்ட் த ட்ரம்பெட்' தான். அரசர் மாறினார், எக்காளம் மாறவில்லை. அரண்மனையில் யார் இருந்தாலும் அவருக்குப் பாட வேண்டியது பர்செலின் உத்தியோகம். வரிகளை எழுதியவர்களும் அப்படித்தான். முதல் வருடம் அரசவைக் கவிஞர் தாமஸ் ஷாட்வெல், அடுத்த வருடம் தாமஸ் டர்ஃபி, 1692-ல் சர் சார்ல்ஸ் செட்லி, 1693-ல் அடுத்த அரசவைக் கவிஞர் நேஹம் டேட். வரிகளில் பெரும்பாலானவை சாதாரணம். சூரியன் தாமதிக்கிறான், வசந்தம் வணங்குகிறது, கலைத் தேவதைகள் ஓடி வருகிறார்கள். பாடாண் திணை படித்தவர்களுக்கு இந்த மாதிரிப் புகழ்ச்சி ஒன்றும் புதிதல்ல. அதை நான் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை.

ஆனால் பர்செலின் நிலைமையையும் பாருங்கள். புது அரசரும் அரசியும் அரண்மனை இசைச் செலவைக் குறைத்துவிட்டார்கள். பர்செல் போன்றவர்கள் பிழைப்புக்கு நாடகக் கொட்டகைப் பக்கம் போனது இந்த வருடங்களில்தான். அரண்மனையில் நல்ல பாடகர்கள், வயலின்கள், ஓபோ, ரெக்கார்டர் என்ற மரப் புல்லாங்குழல், ட்ரம்பெட் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும் சந்தர்ப்பம் வருடத்தில் சில நாட்கள்தான், அதில் ஒன்று இந்தப் பிறந்தநாள். அவர் அதை எப்படிப் பயன்படுத்தினார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. தலைப்பு ராணியுடையது. உள்ளே நடப்பது ஒரு இசைக்காரர் தன் காலத்தின் மிகச் சிறந்த கைகளோடும் தொண்டைகளோடும் புதிது புதிதாகச் செய்து பார்த்த வேலை.

அந்த வேலையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்றால் கிரவுண்ட் பேஸ் என்ற ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கீழே செல்லோ போன்ற ஒரு வாத்தியம், ஒரு மூச்சில் பாடி முடிக்கக்கூடிய சின்ன வரி ஒன்றை வாசிக்கிறது. முடிந்ததும் மறுபடியும் அதையே. மறுபடியும் அதையே. பாட்டு முடியும்வரை விடாது. மேலே குரல் மட்டும் சுதந்திரமாகப் போகிறது. பேஸ் வரி முடியும் இடத்தில் குரல் முடியாது, குரல் மூச்சு வாங்கும் இடத்தில் பேஸ் நிற்காது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று உரசாமல் விலகிப் போவதில்தான் பர்செலின் மொத்தத் திறமையும் இருக்கிறது. 1689 வாழ்த்துப்பாவில் 'பை பியூட்டியஸ் சாஃப்ட்னஸ்' என்று ஒரு ஆல்ட்டோ பாட்டு இப்படி அமைந்தது. மென்மையும் கம்பீரமும் கலந்தவள் என்று ராணியைச் சொல்லும் வரி. வரியை மறந்துவிட்டுக் கேட்டாலும் அந்தப் பேஸ் நடக்கும் நடையில் மென்மையும் கம்பீரமும் இருக்கிறது.

'சவுண்ட் த ட்ரம்பெட்' இன்னும் துள்ளலான உதாரணம். எங்கள் கொயரில் இரண்டு பெண்கள் இதைக் கற்றுக்கொண்டபோது கீபோர்டில் இடது கை மட்டும் வாசித்தவர் பத்தாவது நிமிடத்தில் சலித்துப்போய், "அண்ணா, இதே வரிதான் கடைசி வரைக்குமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மூன்றாவது ஒத்திகையில் அவரே, "இல்லண்ணா, நடுவில் சுருதி இடம் மாறுது, அதே வரியை வேறு படியில் வைக்கிறார்" என்று காட்டினார். அதன்பின் அந்த இடது கை விட்டுக்கொடுக்காமல் நடக்க ஆரம்பித்தது, மேலே இரண்டு குரல்களும் தாமாகவே இலகுவாயின. எழுதியது இரண்டு கவுண்டர்டெனர்களுக்கு, அதாவது மிக உயர்ந்த ஆண் குரல்களுக்கு. அது இன்று நாம் கேட்கும் பொய்க்குரல் முறையா, இயல்பாகவே உயரம் எட்டும் டெனரா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரு டெனர் பாடகனாக, இரண்டும் கலந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பாட்டில் ட்ரம்பெட் ஒரு ஸ்வரம்கூட வாசிக்காது. "எக்காளம் ஊதுங்கள், கேட்டிருக்கும் கரைகளெல்லாம் எதிரொலிக்கட்டும்" என்று இரண்டு குரல்கள் பாடுகின்றன, குரல்களே எக்காளமாகின்றன, ட்ரம்பெட்காரர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கரை என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஷோர்'. அரண்மனையின் பெயர்பெற்ற ட்ரம்பெட் குடும்பத்தின் பெயரும் ஷோர். "கேட்டிருக்கும் ஷோர்கள்" என்பது வாசிக்காமல் காத்திருக்கும் அவர்களைச் சுட்டும் சிலேடை என்று பலரும் சொல்கிறார்கள். எழுதியவர் அப்படி நினைத்தார் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை, ஆனால் தற்செயல் என்று நம்புவது கடினம். அந்தக் குடும்பத்தின் ஜான் ஷோர்தான் பின்னால் இசைக்கவையைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லப்படுபவர். பள்ளி ஆய்வகத்தில் முழங்காலில் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டோமே, அதே இசைக்கவை.

ஆறில் எனக்கு மிகவும் பிடித்த கதை 1692-ஆம் வருடத்தது. ராணி மேரி ஒருநாள் இசை கேட்க விரும்பி, பாடகர் காஸ்ட்லிங், பாடகி ஆரபெல்லா ஹண்ட், பர்செல் மூவரையும் அழைத்தாராம். பர்செலின் பாட்டுகள் சிலவற்றைக் கேட்டபின் ஆரபெல்லாவிடம் 'கோல்ட் அண்ட் ரா' என்ற நாட்டுப்பாட்டைப் பாடச் சொன்னாராம். தெருவில் எல்லோரும் முணுமுணுத்த மெட்டு அது. ஹார்ப்ஸிகார்ட் என்ற பழைய கீபோர்டு வாத்தியத்தின் முன் சும்மா உட்கார்ந்திருந்த பர்செலுக்கு மனம் சுருங்கிவிட்டது. அடுத்த பிறந்தநாள் வாழ்த்துப்பாவில் அந்த மெட்டையே ஒரு பாட்டின் அடியில் பேஸ் வரியாக வைத்துவிட்டார். இதில் நிச்சயமானது எது? 1692 வாழ்த்துப்பாவில் 'மே ஹெர் பிளெஸ்ட் எக்ஸாம்பிள்' என்ற பாட்டின் பேஸ், அச்சு அசலாக 'கோல்ட் அண்ட் ரா' மெட்டுதான். யார் வேண்டுமானாலும் கேட்டுச் சரிபார்க்கலாம். சந்தேகமானது எது? அந்த அறையில் நடந்ததாகச் சொல்லும் சம்பவம். அதை எழுதிவைத்தவர் இசை வரலாற்றாசிரியர் ஜான் ஹாக்கின்ஸ், 1776-ல், அதாவது 84 வருடம் கழித்து. கோபத்தில் வைத்தாரா, அன்பில் வைத்தாரா? ராணிக்குப் பிடித்த மெட்டை அவர் பிறந்தநாளுக்கு ஒளித்துவைத்துக் கொடுப்பது ஒரு நல்ல பரிசும்கூட. எனக்கு இரண்டாவதுதான் மனதுக்கு ஒப்புகிறது. மேலே ராணியின் நன்னடத்தை நாட்டின் தீமைகளை விரட்டட்டும் என்று சோப்ரானோ, அதாவது உயர்ந்த பெண் குரல், பாடுகிறாள், கீழே தெருப்பாட்டு நடந்துபோகிறது. முகஸ்துதி மட்டும் செய்யும் ஒருவர் இப்படி எழுத மாட்டார்.

1690 வாழ்த்துப்பாவையும் விட்டுவிடக் கூடாது. பிறந்தநாள் பாட்டுக்கு நடுவில் துக்கம் நுழைவது அதில்தான். அந்தக் கோடையில் வில்லியம் அயர்லாந்துக்குப் போருக்குப் போக இருந்தார், எதிர்ப்பக்கம் நிற்பது மாமனார் ஜேம்ஸ். பாட்டின் முடிவுப் பகுதியில் திருச்சபையே ஒரு பெண்ணாக, யூசீபியா என்ற பெயரில், கண்ணீரில் மூழ்கி நிற்கிறாள். ஆல்ட்டோ குரல் தேம்பித் தேம்பி இறங்குகிறது. தாழ்ந்த ஆண் குரலான பேஸ் குறுக்கிட்டு, "புகழ் அழைக்கிறது, போய் வா" என்கிறது. கணவனையும் அப்பாவையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெண் தன் பிறந்தநாளில் இதைக் கேட்டிருக்கிறாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுதிவைத்தவர் யாரும் இல்லை. இசையில் அந்தத் தேம்பல் மட்டும் இருக்கிறது.

கடைசி வாழ்த்துப்பாவான 1694-ஆம் வருடத்து 'கம் யீ சன்ஸ் ஆஃப் ஆர்ட்' பற்றி ஒரு எச்சரிக்கை. ஆறில் மிகப் பிரபலமானது, முழுதாகக் கேட்டால் அரை மணிக்குள் முடியும், எல்லோரும் பரிந்துரைப்பது. ஆனால் பர்செல் கையால் எழுதிய பிரதி தொலைந்துவிட்டது. சில பாட்டுகள் அவர் இறந்தபின் அச்சான தொகுப்பில் உண்டு. முழு வடிவம் நமக்குக் கிடைப்பது ராபர்ட் பிண்டார் என்பவர் 1765-ல் எடுத்த பிரதியிலிருந்து, எழுபது வருடம் தாண்டி. அவர் பார்த்ததை அப்படியே எழுதவில்லை, தன் காலத்து ரசனைக்கு ஏற்பக் கைவைத்திருக்கிறார் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எந்த வாத்தியம் எங்கே சேரும் என்பதில் சந்தேகம் அதிகம், முரசு உட்பட. அதனால் ஒரு பதிவில் முரசு முழங்கி இன்னொன்றில் இல்லையென்றால், யாரோ தவறு செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மெட்டுகளும் குரல் வரிகளும் பெருமளவு பர்செலுடையவை என்று நம்பிக் கேட்கலாம்.

இங்கிலாந்துக்கு வெளியே ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. 1733 டிசம்பர் 8. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஸிம்மர்மன் என்பவரின் காப்பிக் கடை. சாக்சனி ஆட்சியாளரின் மனைவி மரியா யோசேஃபாவின் பிறந்தநாள். கணவர் இரண்டு மாதம் முன்பு போலந்துக்கு அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதால் அவர் இப்போது ராணி. அவருக்காக இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் ஒரு வாழ்த்துப்பா நடத்துகிறார். "முழங்குங்கள் முரசுகளே! ஒலியுங்கள் எக்காளங்களே!" என்று அது தொடங்குகிறது. ஒரு வருடம் கழித்து, 1734 கிறிஸ்துமஸ் அன்று, அதே இசை தேவாலயத்தில் ஒலிக்கிறது, வார்த்தைகள் மட்டும் வேறு: "களிகூருங்கள், கெம்பீரியுங்கள்!" கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ என்ற நீண்ட பக்தி இசைப்படைப்பை உலகமெங்கும் பாடுகிறார்களே, அதன் தொடக்கம்.

நான் முதலில் பாடியது கிறிஸ்துமஸ் வடிவத்தைத்தான். களிகூருங்கள் என்ற வார்த்தைக்கு நான்கு குரல்களும் பிரியாமல் ஒரே வரியாக, அதுவும் சோப்ரானோக்களுக்கு வசதியில்லாத தாழ்ந்த இடத்தில் ஏன் ஆரம்பிக்கிறது என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. சந்தோஷம் என்றால் மேலே அல்லவா போக வேண்டும்? பிறகுதான் மூல வார்த்தைகள் தெரிந்தன. முரசைக் கூப்பிடும் வரி அது. அதனால்தான் இசையைத் தொடங்குவதே தனி முரசு. அதனால்தான் கொயரும் முரசு மாதிரியே அடிக்குரலில் நுழைகிறது. ஆரட்டோரியோவின் கைப்பிரதியில் பாக் பழக்கதோஷத்தில் பழைய முரசு வரியை எழுதி, அடித்துவிட்டு, புது வரியை எழுதியிருக்கிறார். "முடிசூடிய மாதரின் பெருமையே" என்று ராணிக்குப் பாடிய ட்ரம்பெட் பாட்டு, "பெரிய ஆண்டவரே, வல்லமையுள்ள ராஜாவே" என்று குழந்தை இயேசுவுக்குப் போயிற்று. பாக் இதைச் சங்கடமாக நினைத்த அறிகுறி எதுவும் இல்லை. ராணிக்கு எழுதும்போது அவர் தன் முழு பலத்தையும் கொடுத்திருந்தார், அதனால் அது ஆலயத்துக்கும் போதுமானதாக இருந்தது. நீங்கள் கண் கலங்கியதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். இசை எந்த வாசல் வழியாக வந்தது என்பது வேறு, அதற்குள் என்ன இருக்கிறது என்பது வேறு.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டீர்களே, இப்படிச் செய்யுங்கள். ஹேண்டலின் வாழ்த்துப்பாவை முதல் மூன்று நிமிடத்தோடு நிறுத்தாமல் ஒன்பது பகுதிகளும் கேளுங்கள். அப்புறம் 'சவுண்ட் த ட்ரம்பெட்' மட்டும் இரண்டு முறை. முதல் முறை குரல்களைக் கவனித்து, இரண்டாம் முறை பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு. பிறகு முழு 'கம் யீ சன்ஸ் ஆஃப் ஆர்ட்'. அதில் ஆல்ட்டோவும் இரண்டு ரெக்கார்டர்களும் சேரும் 'ஸ்ட்ரைக் த வயல்' வரும், அங்கே வேறு எந்த வேலையும் செய்யாமல் இருங்கள். பாகின் இரண்டு தொடக்கங்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஆறு வாழ்த்துப்பாவையும் ஒரே நாளில் கேட்க முயல வேண்டாம், ஒன்றோடு ஒன்று கலந்துவிடும்.

கடைசியாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1694 ஏப்ரலில் அந்த வாழ்த்துப்பா பாடப்பட்டபோது மேரிக்கு 32 வயது நிறைந்தது. அதே டிசம்பர் 28 அன்று கென்சிங்டன் அரண்மனையில் பெரியம்மையில் இறந்துபோனார். 1695 மார்ச் 5 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம். அதற்கு இசை எழுதியதும் பர்செல்தான். "கர்த்தாவே, எங்கள் இருதயத்தின் இரகசியங்களை நீர் அறிவீர்" என்று கொயர் பாடும் சிறிய பகுதி ஒன்று அதில் உண்டு. பேஸ் வரி விளையாட்டு எதுவும் அதில் இல்லை. நான்கு குரல்களும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு நடக்கின்றன, கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். அதே வருடம் நவம்பர் 21 அன்று பர்செல் 36 வயதில் இறந்தார். ஐந்து நாள் கழித்து அதே அபேயில், ஆர்கனுக்கு அருகில் அவரை அடக்கம் செய்தபோது, ராணிக்காக அவர் எழுதிய இந்த இசையையே அவருக்கும் பாடினார்கள். 2022 செப்டம்பரில் இரண்டாம் எலிசபெத்தின் அடக்க ஆராதனையிலும் அந்த இடத்திலேயே அதைப் பாடினார்கள். பிறந்தநாள் பாட்டைக் கேட்டு முடித்த அன்றைக்கே இதையும் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் பத்தே மாதம்தான்.